பெயருக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

சொந்தமாக ஒரு சின்ன பிராண்ட் தொடங்க வேண்டும் என்று நினைக்கிற தமிழ்ப் பிள்ளைகள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ, சூரிச், சிட்னி என்று எங்கே பார்த்தாலும் யாரோ ஒருவர் ரீசேர்ட் அச்சடிக்கிறார், யாரோ ஒருவர் வீட்டு மிளகாய்ச் சம்பலைப் போத்தலில் அடைத்து விற்கிறார், இன்னொருவர் பாட்டுக் குழு தொடங்குகிறார். கையில் காசு கொஞ்சம். நேரம் அதைவிடக் கொஞ்சம். விளம்பரத்துக்குச் செலவழிக்க ஒன்றுமே இல்லை. அப்போது மலிவாகக் கிடைக்கிற ஒரே ஆயுதம் பெயர்தான். பார்த்தவுடன் ஆளை நிறுத்துகிற பெயர். அம்மா கேட்டால் முகம் சுளிக்கிற பெயர்.

நான் பகலில் ஐ.ரி. ஆலோசகர். வார இறுதிகளில் தெரிந்தவர்களுடைய சின்னக் கடைகளுக்கு இணையத்தளம் கட்டிக் கொடுப்பேன். அதனால் "அண்ணா, இந்தப் பெயர் எப்படி இருக்கு?" என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வரும். அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கும்: "இது கொஞ்சம் ஓவரா?"

ஓவரான பெயர்களுக்கு நான் எதிரி இல்லை. நல்ல பிள்ளைப் பெயர் வைத்த எத்தனையோ சின்ன பிராண்டுகள் யாரும் கவனிக்காமலேயே மூடப்படுகின்றன. ஆனால் "இது ஓவரா?" என்பது சரியான கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். இந்தப் பெயருக்கான விலையை யார் கொடுக்கப் போகிறார்கள் என்று கேட்க வேண்டும். நீங்களே கொடுக்கிறீர்கள் என்றால் அது துணிச்சல். வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்றால், அவர்களுடைய காயத்தை வைத்து நீங்கள் வியாபாரம் செய்கிறீர்கள்.

யாரையும் தொடாத பெயர்கள்

முதலில் சுலபமான வகையைப் பார்ப்போம். 1990இல் லொஸ் ஏஞ்சலஸில் எரிக் புருனெட்டி என்ற கலைஞர் ஓர் உடுப்பு பிராண்ட் தொடங்கினார். பெயரில் நான்கே நான்கு ஆங்கில எழுத்துகள்: எஃப், யூ, சி, டி. சேர்த்து வாசித்தால் என்ன சத்தம் வரும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. அவர் அதற்கு ட்ரேட்மார்க் கேட்டபோது, "ஒழுக்கக்கேடான அல்லது அவதூறான" பெயர்களைப் பதிவு செய்ய முடியாது என்ற பழைய சட்டப் பிரிவைக் காட்டி அமெரிக்க அலுவலகம் மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரச வழக்கறிஞர் அந்தச் சொல்லை வாயால் சொல்லாமலேயே அதைப் பற்றி வாதாட வேண்டியிருந்தது. 2019 ஜூனில் புருனெட்டி வென்றார். அந்தச் சட்டப் பிரிவு பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே 2019இல் லிக்விட் டெத் என்ற பெயரில் ஒரு பானம் விற்பனைக்கு வந்தது. மண்டையோடு போட்ட தகரக் கேன். உள்ளே இருந்தது வெறும் தண்ணீர். பியர் கேன் மாதிரித் தெரிகிற ஒன்றில் தண்ணீர் குடிக்கிறோம் என்ற பகிடிதான் அந்த பிராண்டின் முழு மூலதனம்.

இந்த இரண்டு பெயர்களும் சத்தமானவை. ஆனால் குறிப்பிட்ட ஒரு மனிதக் கூட்டத்தை அவை குத்தவில்லை. கெட்ட வார்த்தை பிடிக்காதவர் கண்ணைத் திருப்பிக்கொண்டு போகலாம். அன்று இரவு அவர் தன் பிள்ளையிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை. இப்படியான பெயரின் செலவு முழுவதும் கடைக்காரரின் தலையில்தான் விழும்.

அந்தச் செலவு சின்னதும் இல்லை. என் தொழில் இதற்குள் வருவதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். 1996இல் இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் என்ற ஊரில் வசித்தவர்களால் ஏ.ஓ.எல். சேவையில் கணக்குத் தொடங்க முடியவில்லை. காரணம், அந்த ஊர்ப் பெயருக்குள் நான்கு எழுத்துக் கெட்ட வார்த்தை ஒன்று ஒளிந்திருந்தது. வடிகட்டி மென்பொருள் அதைக் கண்டுபிடித்து ஊரையே தடுத்துவிட்டது. இன்றைக்கும் கணினித் துறையில் இந்த வகைச் சிக்கலுக்கு ஸ்கன்தோர்ப் சிக்கல் என்றுதான் பெயர். ஒரு ஊருக்கே அப்படி என்றால், வேண்டுமென்றே கெட்ட வார்த்தையைப் பெயராக வைத்த உங்கள் கடைக்கு என்ன நடக்கும்? நீங்கள் அனுப்புகிற பில் வாடிக்கையாளரின் குப்பை அஞ்சலுக்குள் போய் விழலாம். கூகுள், மெட்டா இரண்டினதும் விளம்பர விதிகளில் கெட்ட வார்த்தைக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. தமிழ்ச் சங்க விழாவில் மேசை போடக் கேட்டால் செயலாளர் மாமா இரண்டு தடவை இருமுவார்.

சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் புருனெட்டி வென்றதை வைத்து மற்ற நாடுகளில் கணக்குப் போடாதீர்கள். கனடாவின் ட்ரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு ஆபாசமான, ஒழுக்கக்கேடான சொற்களை வணிகக் குறியாக ஏற்றுக்கொள்வதை இன்னும் தடுக்கிறது. பிரித்தானியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் பொது ஒழுக்கத்துக்கு முரணான குறிகளைப் பதிய மறுக்க இடம் கொடுக்கின்றன. ட்ரேட்மார்க் இல்லாவிட்டால் உடனே கடையை மூட வேண்டும் என்று இல்லை. ஆனால் உங்கள் பெயர் கொஞ்சம் பிரபலமானதும் வேறு ஒருவர் அதே பெயரில் மலிவு ரீசேர்ட் அச்சடித்தால், அவரை நிறுத்த உங்கள் கையில் பலமான ஆயுதம் இருக்காது.

இவை எல்லாம் உண்மையான சிரமங்கள். ஆனால் உங்கள் சொந்தச் சிரமங்கள். தாங்க முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நான் கட்டித் தருகிற இணையத்தளத்தில் அந்தப் பெயரைப் பெரிய எழுத்திலேயே போடலாம்.

வசைச்சொல்லைத் திருப்பிப் பிடிப்பது

இனிமேல்தான் சிக்கல். ஒரு கூட்டத்தை இழிவுபடுத்தப் பயன்பட்ட சொல்லை பிராண்டாக்குவது வேறு விளையாட்டு.

2006இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் சைமன் டாம் என்ற பேஸ் கிட்டார் கலைஞர் ஒரு ராக் குழுவைத் தொடங்கினார். உறுப்பினர்கள் ஆசிய அமெரிக்கர்கள். குழுவின் பெயர் தி ஸ்லாண்ட்ஸ். ஸ்லாண்ட் என்றால் சரிவு. பள்ளிக்கூட முற்றத்தில் கண்ணை விரலால் இழுத்துக் காட்டிக் கிழக்காசியப் பிள்ளைகளைப் பகிடி பண்ணுவார்களே, அந்தப் பகிடியின் பெயர் அது. எந்தச் சொல்லால் எங்களை அடித்தீர்களோ அதையே மேடையில் பெரிதாக எழுதி வைத்துப் பாடுகிறோம் என்பது அவர்களுடைய நிலைப்பாடு.

ட்ரேட்மார்க் அலுவலகம் மறுத்தது. காரணம் விசித்திரமானது: இந்தப் பெயர் ஆசியர்களை இழிவுபடுத்துகிறதாம். ஆசியர்களைப் பார்த்து, "நீங்கள் ஆசியர்களை இழிவுபடுத்துகிறீர்கள்" என்று ஓர் அரச அலுவலகம் சொன்னது. 2011இல் போட்ட விண்ணப்பம் 2017 ஜூன் 19 அன்றுதான் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. தீர்ப்பில் பங்கெடுத்த எட்டு நீதிபதிகளும் குழுவின் பக்கம் நின்றார்கள். இழிவுபடுத்தும் பெயர்களைத் தடுத்த சட்டப் பிரிவு செல்லாது என்று ஆனது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, விலை. ஒரு சின்னக் குழு ஆறு வருடங்கள் வழக்கோடு வாழ்ந்தது. ஆசிய அமெரிக்கர் எல்லோரும் அவர்கள் பக்கம் நின்றார்கள் என்றும் இல்லை. சொந்த ஆட்களிடமே நின்று, "ஏன் இந்தப் பெயர்?" என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சொல்லின் அடியைச் சின்ன வயதில் வாங்கியவர்கள், பெயரின் செலவையும் தாங்களே ஏற்றார்கள்.

இரண்டாவது, அந்தத் தீர்ப்பால் இன்னொருவரும் லாபம் அடைந்தார். வாஷிங்டனின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு அப்போது ரெட்ஸ்கின்ஸ் என்று பெயர். அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறிக்கிற பழைய வசைச்சொல். பூர்வகுடி ஆர்வலர்கள் பல வருடங்கள் போராடி, 2014இல் அந்த அணியின் ட்ரேட்மார்க் பதிவுகளை ரத்துச் செய்ய வைத்திருந்தார்கள். ஸ்லாண்ட்ஸ் தீர்ப்பு வந்ததும் அந்த ரத்துக்குச் சட்ட அடிப்படை இல்லாமல் போனது. அணியின் பதிவுகள் தப்பின.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சட்டத்தின் கண்ணுக்கு ஸ்லாண்ட்ஸும் ரெட்ஸ்கின்ஸும் ஒன்றுதான். இரண்டும் வசைச்சொல், இரண்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் எங்கள் கண்ணுக்கு அவை ஒன்று இல்லை. ஒன்றில் அடி வாங்கியவர்கள் பெயரை வைத்தார்கள், அவர்களே செலவையும் கொடுத்தார்கள். மற்றதில் பணக்கார முதலாளிகள் பெயரை வைத்தார்கள், அடி வாங்கியவர்கள் பல தலைமுறையாக அதன் செலவைக் கொடுத்தார்கள். அந்த அணி 2020இல் பெயரைக் கைவிட்டது. எந்த நீதிமன்றமும் அதற்குக் கட்டளை போடவில்லை. விளம்பரதாரர்கள் நெருக்கியதால்தான் அது நடந்தது. "சட்டப்படி முடியும்" என்பதற்கும் "செய்யலாம்" என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

1893இல் சென்னையில் ஒரு சின்ன பிராண்ட்

இதெல்லாம் அமெரிக்கக் கதை, எங்களுக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். எங்கள் மொழியில் இந்தக் கேள்வியை நூறு வருடங்களுக்கு முன்பே இரண்டு பேர் நேருக்கு நேர் எதிர்கொண்டார்கள்.

1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். பெயர் "பறையன்". அன்றைய நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் தெருவில் விலகி நடந்த சமூகம். படித்து மேலே வந்தவர்கள் அந்த அடையாளத்தை மறைத்து வாழ்ந்த காலம். அந்தச் சொல்லைப் பத்திரிகையின் தலையில் அச்சடித்து, காசு கொடுத்து வாங்கச் சொன்னார். மறைந்துகொண்டு யாரும் உரிமை கேட்க முடியாது, இன்னார் என்று வெளியே வந்து நின்றால்தான் கேட்க முடியும் என்பது அவருடைய வாதம். மாத இதழாகத் தொடங்கிப் பின்னர் வார இதழாகி, 1900 வரை அந்தப் பத்திரிகை வந்தது. பெரிய முதலீடு இல்லாத ஒரு சுதந்திரப் பத்திரிகைக்கு ஏழு வருடம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதே சீனிவாசன் 1930இல் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்து பேசினார்.

ஆனால் அயோத்திதாசப் பண்டிதருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவரும் அதே ஒடுக்கப்பட்ட சமூகத்தின் விடுதலைக்காக உழைத்தவர். சீனிவாசனின் சகோதரியைத் திருமணம் செய்தவர், ஆக இருவரும் மச்சான்மார். அந்தச் சொல் எங்களுடையது இல்லை, எங்களைத் தாழ்த்தியவர்கள் எங்கள் மேல் ஒட்டியது, அதை ஏன் நாங்களே சுமக்க வேண்டும் என்பது பண்டிதரின் வாதம். 1907இல் அவர் தொடங்கிய வாரப் பத்திரிகையின் பெயர் "ஒரு பைசாத் தமிழன்". அடுத்த வருடம் அது "தமிழன்" என்று சுருங்கியது. யாரைத் தமிழர் கணக்கிலேயே சேர்க்க மறுத்தார்களோ, அவர்களுடைய குரலாக வந்த பத்திரிகைக்குத் "தமிழன்" என்று பெயர். யோசித்துப் பார்த்தால் அதுவும் சும்மா விட்ட பெயர் இல்லை.

இந்த இரண்டு பேரில் யார் சரி? எனக்கு இருவரும் சரியாகவே தெரிகிறார்கள். ஒரே காயத்துக்கு உள்ளே இருந்து இரண்டு பதில்கள் வந்தன. ஒருவர் சொல்லைத் திருப்பிப் பிடித்தார், மற்றவர் தூக்கி எறிந்தார். இருவரும் அதற்கான விலையைத் தாங்களே கொடுத்தார்கள். அந்த அடியை வாங்காத ஒருவர் வந்து, "இந்தப் பெயர் செம கெத்தாக இருக்கே, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்வதற்கு அந்த உரையாடலில் இடமே இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதுதான் உண்மையில் நடந்திருக்கிறது. ஆங்கிலத்தில் "பரையா" என்ற சொல் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவன், ஊர் விலக்கியவன் என்ற பொருளில் செய்திகளில் தினமும் வரும். அது தமிழிலிருந்து, பறையர் என்ற சாதிப் பெயரிலிருந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போன சொல். 2005இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து நிறுவனம் ஒன்று அதே பெயரில் ஒரு வீடியோ கேம் வெளியிட்டது. அந்த விளையாட்டுக்கும் தமிழருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெயர் வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைத்தார்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஆங்கிலம் பேசுபவருக்கு அது ஒரு கூர்மையான சொல், அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. அதன் முதல் உரிமையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள், அதே பெயரால் இன்றும் அடி வாங்குகிறார்கள். உங்கள் ஹூடியில் அந்தச் சொல்லை அச்சடிக்க ஆசை வந்தால், முதலில் உங்கள் குடும்பம் எந்தப் பக்கம் நின்றது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். புலம்பெயர்ந்த பிறகும் நாங்கள் சாதியை விட்டுவிட்டு வரவில்லை. கல்யாணப் பேச்சு தொடங்கும்போது அது பெட்டியிலிருந்து வெளியே வரும்.

எங்கள் பெயர்கள்

இப்போது எங்களுடைய விஷயத்துக்கு வருவோம். புலம்பெயர் தமிழ் இளைஞர்கள் வைக்க நினைக்கிற ஓவரான பெயர்கள், நான் கேட்டவரையில், இரண்டு வகை.

ஒன்று, தமிழ்க் கெட்ட வார்த்தை. வெள்ளைக்காரருக்கு விளங்காது, எங்கள் ஆட்களுக்கு மட்டும் விளங்கும், அதனால் பகிடி என்ற கணக்கு. ஆனால் எங்கள் கெட்ட வார்த்தைகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை ஒருவருடைய தாயை, அல்லது சகோதரியை, அல்லது ஒரு சாதியைப் பற்றியவை. ஆங்கிலக் கெட்ட வார்த்தை பெரும்பாலும் ஒரு செயலைச் சொல்கிறது. எங்களுடையது பெரும்பாலும் ஒரு ஆளைச் சுட்டுகிறது, அந்த ஆளும் அநேகமாகப் பெண். புருனெட்டியின் நான்கு எழுத்தைப் பார்த்து, "நாங்களும் தமிழில் செய்வோம்" என்று கிளம்பினால் அது ஒரே விஷயம் ஆகாது. ரீசேர்ட் போடுவது பெடியன். சொல் விழுவது அவனுடைய அக்காவின் மேல்.

இரண்டாவது வகை, "ஃபாப்", "ஃப்ரெஷி" மாதிரிப் பெயர்கள். படகிலிருந்து இப்போதுதான் இறங்கியவர் என்று அர்த்தம். இங்கே பிறந்த நாங்கள், புதிதாக வந்தவர்களின் உச்சரிப்பையும் உடுப்பையும் பார்த்துப் பாவிக்கிற சொல். "எங்களை வெள்ளைக்காரர் சொன்ன சொல்தானே, நாங்கள் திருப்பிப் பிடிக்கிறோம்" என்று ஒரு நியாயம் சொல்லலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படகு என்பது எங்கள் ஆட்களுக்கு உவமை இல்லை. 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். உள்ளூர் மீனவர்கள்தான் அவர்களைக் காப்பாற்றினார்கள். 2010 ஆகஸ்டில் சன் சீ என்ற கப்பலில் 492 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். கரையில் அவர்களுக்குக் கிடைத்தது தடுப்புக்காவல். தாய்மாரோடு பிள்ளைகளும் அதில் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் அந்தச் சொல்லைத் தன் கடைக்கு வைத்தால், நான் முதல் ஆளாகப் போய் வாங்குவேன். இங்கே பிறந்து, இங்கே படித்து, விமானத்தைத் தவிர வேறொன்றிலும் கடல் தாண்டாத ஒருவர் வைத்தால், விலையைக் கொடுப்பது யார்? போன வருடம் வந்து ஸ்காபரோவில் ஆங்கில வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. அவளைப் பார்த்துச் சிரிக்க ஏற்கனவே ஆள் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு இப்போது ஒரு லோகோவும் கிடைக்கும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தைவான் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த எடி ஹுவாங், 2013இல் வந்த தன் வாழ்க்கைக் கதைக்கு ஃப்ரெஷ் ஓஃப் த போட் என்றே பெயர் வைத்தார். அவரும் படகில் வந்தவர் இல்லை. ஆனால் அட்டையைத் திறந்தால் உள்ளே குடியேறிய தன் குடும்பத்தின் கதை இருக்கிறது. பெயரில் கடன் வாங்கியதை உள்ளடக்கத்தில் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். எங்கள் எம்.ஐ.ஏ.யும் அப்படித்தான். போரில் காணாமற்போனவர்களைக் குறிக்கிற இராணுவச் சொல்லைத் தன் மேடைப் பெயராக வைத்தார். ஆனால் அவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சிறுமியாக லண்டனுக்கு அகதியாக வந்தவர். அந்தப் பெயருக்குப் பின்னால் அவருடைய சொந்த வாழ்க்கை நின்றது.

ஓவரான பெயரே வேண்டும் என்றால், தமிழில் எனக்குப் பிடித்த ஒரு சொல்லைச் சொல்கிறேன்: பரதேசி. திட்டுகிற சொல்தான். ஆனால் உடைத்துப் பாருங்கள், பர தேசம், வேறு நாட்டிலிருந்து வந்தவன். எங்களைவிட அந்தச் சொல் யாருக்குப் பொருந்தும்? 2013இல் பாலா அதே பெயரில் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தொழிலாளர்களைப் பற்றிப் படம் எடுத்தார். அதை ரீசேர்ட்டில் போட்டுக்கொண்டு தெருவில் போனால் முதல் அடி உங்களுக்குத்தான். பேருந்தில் ஒரு பாட்டி, "ஏன் பிள்ளை இப்படிப் போட்டிருக்கிறாய்?" என்று கேட்பார். உங்களிடம் சொல்ல ஒரு பதிலும் இருக்கும்.

"வெறும் ரீசேர்ட்தானே?"

இந்த இடத்தில் எனக்கு வழக்கமாகக் கிடைக்கிற பதில்கள் மூன்று.

"வெறும் ரீசேர்ட்தானே, ஏன் இவ்வளவு யோசிக்க வேண்டும்?" பெயருக்குப் பலம் இல்லை என்றால் ஏன் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்தீர்கள்? ஆளை நிறுத்தும் என்பதற்காகத்தானே. விற்கும்போது பலம் இருக்கிறது, யாராவது நோகிறார் என்றால் பலம் இல்லை என்று இரண்டு கணக்கு வைக்க முடியாது.

"சொல்லின் அர்த்தம் மாறிவிட்டது, இப்போது யாருக்கும் பழைய கதை தெரியாது." சொற்களின் அர்த்தம் மாறும்தான். ஆனால் அடித்தவர்களுக்குத்தான் முதலில் மறக்கும். அடி வாங்கியவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

"எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் எதையும் செய்ய முடியாது." இதில் உண்மை இருக்கிறது. சீனிவாசனும் எல்லோரையும் கேட்கவில்லை, சைமன் டாமும் கேட்கவில்லை. எல்லோருடைய சம்மதமும் ஒருநாளும் கிடைக்காது. சம்மதம் வாங்கி வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை. யாராவது முகத்துக்கு நேரே வந்து, "எனக்கு இது நோகுது" என்று சொன்னால், ஓடாமல் நின்று பதில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் வையுங்கள்.

பெயர் ஒரு வாக்குறுதி

கடைசியாக ஒன்று. ஓவரான பெயர் வைப்பது ஒருநாள் வேலை. அதற்குத் தகுந்த மாதிரி நடப்பது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. 2007இல் ஸ்கொட்லாந்தின் ஃப்ரேசர்பரோவில் இரண்டு இளைஞர்கள் ப்ரூடோக் என்ற பியர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். முக்கியமான பியரின் பெயர் பங்க் ஐ.பி.ஏ. பெரிய நிறுவனங்களுக்கு எதிரான கலகக்காரர்கள் என்பதே அவர்களுடைய அடையாளம். சாதாரண வாடிக்கையாளர்களிடம் பங்கு விற்றபோது அதற்கும் பங்க் என்றே பெயர் வைத்தார்கள். 2017இல் ஒரு பெரிய அமெரிக்க முதலீட்டு நிறுவனம் உள்ளே வந்தது. 2021இல் முன்னாள் ஊழியர்கள் பலர் சேர்ந்து, வேலையிடத்தில் பயம் நிலவுகிறது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். கடிதம் எழுதியவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர், நோக்கமுள்ள பங்க்குகள். நிறுவனத்தின் பெயரைப் பிடித்தே நிறுவனத்திடம் கேள்வி கேட்டார்கள். தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

சாதாரணப் பெயர் வைத்த கடைக்கு இந்தத் தொல்லை குறைவு. நீங்கள் "கலகம்" என்று பெயர் வைத்தால், தைக்கிறவருக்கு எவ்வளவு கூலி கொடுக்கிறீர்கள் என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். "அகதி" என்று பெயர் வைத்தால், அகதிகளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பெயரை வைத்து அந்த உரிமையைக் கொடுத்தது நீங்கள்தான்.

ஆகவே தம்பிமார், தங்கச்சிமார், டொமைன் வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அந்தப் பெயரைச் சொன்னால் அதிகமாக நோகக்கூடிய ஒரு ஆளை நினைத்துப் பாருங்கள். அது உங்கள் அம்மம்மாவாக இருக்கலாம், போன வருடம் வந்த மச்சாளாக இருக்கலாம், பக்கத்து வகுப்பில் சாதிப் பெயரால் கேலி கேட்ட பிள்ளையாக இருக்கலாம். முடிந்தால் அவரிடமே பெயரைச் சொல்லுங்கள், ஏன் வைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவர் சிரித்தால் அச்சடியுங்கள். கோபப்பட்டால் உட்கார்ந்து கதையுங்கள், அந்தக் கதையிலிருந்து இன்னும் நல்ல பெயர் வரலாம். ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினால், இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.